கிரகணத்துக்கும் குழந்தையின் தலைக்கும்

காலை ஒன்பது முப்பத்தைந்து. முதலில் கண்ணில் பட்டது ஓர் உலக்கை.

எறையூர் ஆலைக்குக் கரும்பு போடுகிற என் அண்ணன் வீட்டு வாசலில், பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் அதை நிறுத்தியிருந்தார்கள். சுற்றி நின்றவர்கள் எல்லோர் கையிலும் போன். சூரியனில் பெரும்பகுதி மறைந்திருந்தது. வேப்பமரத்து அடியில், இலைகளின் இடுக்கு வழியே விழுந்த வெளிச்சம் பிறை பிறையாகத் தரை முழுக்கக் கிடந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் உலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பெரம்பலூரில் ஒரு நாளிதழுக்குச் செய்தியாளனாக இருந்தேன். கிரகணம் என்றால் மாவட்டப் பக்கத்துக்கு உலக்கைப் படம் வேண்டும். அது எழுதப்படாத உத்தரவு. படம் எடுத்தேன். அடியில் பூண் தட்டையாக இருக்கிற உலக்கை எந்த நாளிலும் நிற்கும் என்று குறிப்பின் கடைசி வரியில் எழுதி அனுப்பினேன். மறுநாள் படம் வந்தது, அந்த வரி வரவில்லை. இடம் போதாவிட்டால் செய்தியை அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். அது பத்திரிகைத் தொழிலில் மட்டும் உள்ள வழக்கம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வேளையில் வீட்டுக்குள்ளே இன்னொரு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அண்ணனின் மூத்த மகனுடைய மனைவி மூன்றாவது மாதம். அவளை உள்ளறையில் உட்கார வைத்து, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, கதவிடுக்கில் பழைய புடவையைச் செருகியிருந்தார்கள். கத்தி, அரிவாள்மணை, ஊக்கு எல்லாம் அப்புறப்படுத்தப்பட்டிருந்தன. அவள் அண்ணிக்கு அந்நியமில்லை. அண்ணியின் உடன்பிறந்த தம்பியின் மகள்தான். தம்பி செந்துறைப் பக்கம் முந்திரித் தோப்பும் மானாவாரி நிலமும் வைத்திருப்பவர். அவருக்கு இரண்டு பெண்கள், அண்ணிக்கு இரண்டு பையன்கள். மூத்தவனுக்கு மூத்தவள், இளையவனுக்கு இளையவள் என்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே பேசி முடித்துவிட்டார்கள். முதல் கல்யாணம் பேசியபடி நடந்திருந்தது.

ஒன்பதே முக்கால் இருக்கும். மருமகள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். வாயைப் பொத்தியபடி, வாசலில் நின்ற அத்தனை பேரையும் கடந்து, கொல்லையில் இருந்த கக்கூஸுக்குப் போனாள். அந்த வீட்டில் கக்கூஸ் கொல்லையில்தான் இருந்தது. போன வழியிலேயே திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நடந்தது அவ்வளவுதான். உலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் எல்லாம் ஒரு கணம் அவள் மேல் திரும்பின. அண்ணி மட்டும் சொன்னாள், "எல்லாரும் பாத்துக்கிட்டீங்கல்ல. நாளைக்கு என்னைய யாரும் கேக்கக் கூடாது."

குழந்தை ஊரடங்கில் பிறந்தது. பெண். ஆஸ்பத்திரிக்கு யாரும் போகாத மாதங்கள் அவை. தலையை அளந்து பார்க்க ஆள் வரவில்லை. பிறகு தடுப்பூசி போட வந்த நர்ஸ் டேப்பை எடுத்துத் தலையைச் சுற்றி வைத்துப் பார்த்தார். திரும்ப வைத்துப் பார்த்தார். தலை வயதுக்கு மிகச் சிறியதாக இருந்தது. பெரம்பலூருக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் கிளம்பினார். குழந்தையின் முகம் முழுதாக, அழகாக இருந்தது. நெற்றி மட்டும் புருவத்துக்கு மேலே கொஞ்சம் எழுந்து, உடனே பின்னால் சரிந்தது. ஏழு மாதத்தில் தலை நிற்கவில்லை. ஆனால் சிரித்தது. பெயர் சொல்லிக் கூப்பிடும் முன்பே, ஆள் வருகிற சத்தத்துக்கே சிரித்தது.

ஊருக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. கிரகணத்தன்று வெளியே வந்தாள். பார்த்தவர்கள் இருந்தார்கள், படம் கூட இருந்தது. என் போனில் இருந்த படங்களில் ஒன்றில் உலக்கைக்குப் பின்னால் அவள் கொல்லைப்பக்கம் திரும்புவது தெரிகிறதாம். அதை அனுப்பச் சொல்லி அண்ணி இரண்டு முறை கேட்டாள். அனுப்பவில்லை. அனுப்பாததே ஒரு சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

அரியலூரில் ஒரு ஜோசியர், குழந்தையைப் பார்க்காமலே, வாட்ஸ்அப்பில் வந்த ஜாதகத்தை வைத்து, தாய் மேல் ராகுவின் நிழல் விழுந்திருக்கிறது என்று உறுதி செய்தார். ஒரு செப்புத்தகடும் கொடுத்தார். கிரகணத்தை அவருக்குச் சொன்னதே அண்ணிதான் என்பதை யாரும் கவனிக்கவில்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, வாசலில் மூளைப் படம் போட்ட ஒரு மருந்துக் கடைக்காரர் ஞாபக சக்தி டானிக் ஒன்றைப் பரிந்துரைத்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வைத்திருந்த பாட்டில். ஏழு மாதக் குழந்தைக்குக் கால் கரண்டி போதும் என்றார். அவர் பட்டதாரி.

அண்ணி இதையெல்லாம் கத்திச் சண்டையாகச் செய்யவில்லை. கத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். சோறு போடும்போது, கொடியில் துணி எடுக்கும்போது, போகிற போக்கில் சொல்வாள். "வாந்தி வந்தா ஒரு சொம்பு வெச்சுக்கிட்டு உள்ளயே இருக்க மாட்டாளா ஒருத்தி? அரியலூருல டிகிரி படிச்சவளாச்சே." மருமகள் பி.எஸ்சி. படித்தவள். வீட்டில் எது தவறினாலும் அந்தப் பட்டம் குற்றப்பத்திரிகையில் சேர்ந்துவிடும்.

அவள் கணவன், என் அண்ணன் மகன், ஒரு சிமென்ட் ஆலையின் எடைமேடையில் வேலை பார்க்கிறான். லாரி ஏறும், எண் வரும், அடித்துக் கொடுப்பான். வீட்டிலும் அதே முகம். அம்மா பேசினால் அம்மாவைப் பார்ப்பான், மனைவி பேசினால் போனைப் பார்ப்பான். அவனிடம் நான் ஒரு முறை கேட்டேன், நீ என்ன நினைக்கிறாய் என்று. "எனக்கு என்ன சித்தப்பா தெரியும், நான் அன்னைக்கு டூட்டியில இருந்தேன்" என்றான். கிரகணத்தைப் பற்றிக் கேட்டதாக எடுத்துக்கொண்டான்.

கடைசியில் மருமகளைக் குழந்தையோடு செந்துறைக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்றார்கள். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. செந்துறைக்காரர், அதாவது அவள் அப்பா, அக்கா வீட்டு வாசலில் நின்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. இளையவனுக்கு இளையவள் என்று பேசியிருந்ததும் நின்றது. ராசியில்லாத வீட்டில் இன்னொரு முறை கை நனைப்பதா என்று அண்ணி கேட்டாள். தரகரைப் பிடித்து, உறவே இல்லாத ஓர் இடத்தில், பெரம்பலூர் டவுனில் ஒரு டெய்லர் வீட்டுப் பெண்ணை இளையவனுக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். மூத்தவனுக்கும் சேர்த்தே பார்க்கலாமே என்று ஒரு பெரியவர் சொன்னதாகவும், யாரும் மறுக்கவில்லை என்றும் எனக்குச் சேதி வந்தது.

அந்தச் சேதி செந்துறைக்கும் போயிருந்தது. மருமகள் எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. திருச்சியில் குழந்தைகளின் மரபணுப் பிரச்சினை பார்க்கிற டாக்டர் யாராவது தெரியுமா என்று மட்டும் கேட்டாள். பத்திரிகைக்காரனுக்கு டாக்டர்களைத் தெரியும். ஒருவரைப் பிடித்துக் கொடுத்தேன். குழந்தை, தாய், தகப்பன் மூன்று பேரின் ரத்தமும் வெளியூருக்குப் போனது. தகப்பனை எடைமேடையிலிருந்து கூட்டிவர நானே போக வேண்டியிருந்தது.

முடிவு வந்த அன்று டாக்டர் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார். அண்ணி வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். தான் சொன்னதை டாக்டர் வாயால் கேட்க வந்தாள் என்பது பஸ்ஸிலேயே தெரிந்தது. அண்ணன், அண்ணி, மகன், நான் எறையூர்ப் பக்கமிருந்து. மருமகள், குழந்தை, அவள் அப்பா செந்துறையிலிருந்து. ஆஸ்பத்திரி பெஞ்சில் நடுவே இரண்டு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். குழந்தை இரண்டு பக்கமும் திரும்பிச் சிரித்தது.

டாக்டர் நடுவயதுப் பெண்மணி. அவசரம் இல்லாதவர். என்ன விவசாயம் என்று அண்ணனைக் கேட்டார். கரும்பு என்றதும், கரும்பை வைத்தே சொன்னார். அதை நான் ஒரு செய்தியைப் போலக் குறித்துக்கொண்டேன்.

கருவில் மூளை என்பது முதலில் ஒரு சின்னக் குழாய். அதன் உட்சுவரில் சில செல்கள். நரம்பு முன்னோடிச் செல்கள் என்று பெயர். அவை இன்னும் மூளை ஆகவில்லை, மூளைக்கான விதை. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். வேண்டிய அளவு பெருகிய பிறகுதான் நரம்புச் செல்லாக மாறத் தொடங்க வேண்டும். மாறிய செல் மறுபடி பிளக்காது. எப்போது பெருகுவது, எப்போது மாறுவது என்பதை மரபணுக்கள் பார்த்துக்கொள்கின்றன. எல்லா மரபணுவும் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. சில விழித்திருக்கும், சில அடங்கியிருக்கும். எதை எழுப்புவது, எதை அடக்குவது என்று முறைப்படுத்தவும் தனியாகச் சில மரபணுக்கள் உண்டு.

"நீங்க முதல் கரும்பையே ஆலைக்கு அனுப்புவீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"அதெப்படிங்க, விதைக்கு விட்டுக் கரணை வெட்டி நட்டு, பரப்பு சேத்துக்கிட்டுதான் ஆலைக்கு" என்றார் அண்ணன்.

"விதைக்கு விட்ட கரும்புக்கே வெட்டு உத்தரவு வந்துட்டா?"

"வயலு சிறுத்துரும்."

"அதுதான் நடந்திருக்கு. இந்தப் பாப்பாவுக்கு முறைப்படுத்துற மரபணு ஒண்ணு வேலை செய்யல. பெருக வேண்டிய நேரத்துல செல்லெல்லாம் சீக்கிரமே நரம்புச் செல்லா மாறிடுச்சு. விதை தீந்துபோச்சு."

அண்ணன் கேட்ட ஒரே கேள்வி இது. "இப்ப எதுனா உரம் வெச்சா தழைக்குமுங்களா?"

நடவுக் காலம் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது என்றார் டாக்டர். இருக்கிற செல்களைப் பழக்கலாம். உட்கார, நிற்க, பேசப் பயிற்சி கொடுக்கலாம். டானிக்கை நிறுத்தச் சொன்னார். செப்புத்தகட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரு தாளில் படம் போட்டார். மேலே இரண்டு பேர், அண்ணியின் அம்மா அப்பா. அவர்களில் ஒருவரிடம் இந்த மரபணுவின் கெட்ட நகல் ஒன்று இருந்திருக்கும். எல்லோரிடமும் இருக்கிற இரண்டு நகலில் ஒன்று கெட்டால் ஒன்றும் தெரியாது, இன்னொன்று பார்த்துக்கொள்ளும். அது அண்ணிக்கு வந்தது, அண்ணியிடமிருந்து மகனுக்கு. அண்ணியின் தம்பிக்கும் வந்தது, அவரிடமிருந்து மகளுக்கு. மகனும் மகளும் கட்டிக்கொண்டதில் இரண்டு கெட்ட நகலும் குழந்தையிடம் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு இப்படி ஆக வாய்ப்பு. டாக்டரின் பேனா இரண்டு கோடுகளையும் கீழே இறக்கிக் குழந்தையில் முடித்தது. ஒரு கோடு அண்ணியின் வழியாகத்தான் போனது.

அண்ணி படத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதாவது மாறும் என்று நான் காத்திருந்தேன். இருபது வருஷம் பேட்டி எடுத்த பழக்கம். ஒன்றும் மாறவில்லை.

"எங்கப்பா மூணு தடவ ஊராட்சித் தலைவரா இருந்தவருங்க" என்றாள். "தல இவ்வளவு பெருசு இருக்கும்." இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

செந்துறைக்காரர், பல மாதமாக அக்காவோடு பேசாதவர், உடனே சேர்ந்துகொண்டார். "தலப்பாகைத் துணியே ரெண்டு மடங்கு வாங்கணுங்க அவருக்கு." அப்பா என்று வந்ததும் அக்காவும் தம்பியும் ஒரே கட்சி ஆனார்கள்.

மருமகள் குழந்தையை மடியில் மாற்றி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கிரகணத்துக்கும் பாப்பா தலைக்கும் சம்பந்தம் இருக்குங்களா மேடம்?"

"இல்லம்மா. கொஞ்சம் கூட இல்ல. கரு உண்டான அன்னைக்கே முடிவானது இது."

"அத எழுதிக் குடுப்பீங்களா? தமிழ்ல."

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்துத் தமிழில் எழுதினார். இப்படி ஒரு சான்றிதழை அவர் முன்பு எழுதியிருக்க மாட்டார். முதல் வரி: கிரகணத்துக்கும் குழந்தையின் தலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, தாய் மீது தவறு இல்லை. அதன் கீழே இன்னும் சில வரிகள். இரு குடும்பத்திலும் திருமணமாகாத பிள்ளைகள் திருமணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். உறவுக்குள் திருமணம் செய்வதாக இருந்தால் கட்டாயம். வாயாலும் அதைச் சொன்னார். இளையவனையும் இளையவளையும் ஒரு வியாழக்கிழமை அழைத்து வரச் சொல்லி நாள் குறித்துக் கொடுத்தார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மருமகள் சீட்டை நான்காக மடிக்கவில்லை. மடிப்பு விழாமல், பையிலிருந்த ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்தாள். அவளுடைய பட்டச் சான்றிதழ் இருந்த உறை. அதைக் காலி செய்துகொண்டு வந்திருந்தாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது அந்தச் சீட்டுதான், அது வேலை செய்தது. இதை நான் மறுக்க மாட்டேன். அடுத்த ஞாயிறு உறவுக்காரர்கள் அண்ணன் வீட்டில் கூடினார்கள். செந்துறைக்காரர் மகளையும் சேர்த்து நான்கு பேரோடு வந்தார். சீட்டு கை மாறியது. மூத்தவனுக்கும் பெண் பார்க்கலாம் என்று சொன்ன அதே பெரியவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியை உரக்கப் படித்தார். தாய் மீது தவறு இல்லை என்ற இடத்தில் நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்து, மறுபடி படித்தார். பிறகு சீட்டை மடித்துத் தாம்பூலத் தட்டில் வைத்துவிட்டார்.

கீழே இன்னும் இருக்கிறது என்றேன்.

"அதெல்லாம் டாக்டருங்க எழுதுறதுதான் தம்பி" என்றார் அவர். "முக்கியமான சேதி வந்துடுச்சில்ல. நீங்க பேப்பர்காரரு, உங்களுக்குத் தெரியாததா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் கூடச் சிரித்தார்.

அண்ணி எழுந்துபோய் மருமகள் கையைப் பிடித்தாள். கூட்டம் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டது. அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "நம்ம வூட்டு ரத்தத்துல குத்தம் இருக்காதுன்னு எனக்குத் தெரியும்டி." நம்ம வீட்டு ரத்தத்தில்தான் குற்றம் என்று டாக்டர் பேனாவால் கோடு போட்டுக் காட்டி ஒரு வாரம் கூட ஆகவில்லை. தாய் மீது தவறு இல்லை என்றால், தாய் பிறந்த வீடு நல்ல வீடு. வீடு நல்ல வீடு என்றால் அங்கிருந்து இன்னொரு பெண் எடுக்கலாம். கரும்புக் கணக்கு புரிந்த அதே தலைகள் இதையும் யோசித்து முடித்தன. பாயசம் வந்தது. இலையை எடுப்பதற்குள் டெய்லர் வீட்டுக்கு, பையனுக்கு இப்போது கல்யாண யோகம் இல்லை என்று தரகர் மூலம் சொல்லியாகிவிட்டது. தப்பான காரணத்துக்காக அந்தக் குடும்பம் செய்ய இருந்த ஒரே சரியான காரியம் அந்த டெய்லர் வீட்டுச் சம்பந்தம்தான்.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். இளையவனிடம் போய், வியாழக்கிழமை திருச்சிக்குப் போக வேண்டும் என்று நினைவுபடுத்தினேன். அவன் படித்தவன், கணினி வேலை. "சித்தப்பா, அண்ணனுக்கு ஆயிடுச்சுன்னா எனக்கு ஆகாதுல்ல? நாலுல ஒண்ணுதானே, அந்த ஒண்ணு முடிஞ்சுபோச்சே" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று பார்த்தேன். இல்லை.

பிறகு, அண்ணன் வீட்டுக்கே திரும்பிவிட்ட மருமகளுக்குப் போன் செய்தேன். இந்தக் குடும்பத்தில் டாக்டர் சொன்னதை முழுதாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். தங்கையிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

"சொன்னேன் சின்ன மாமா. ரத்தம் குடுத்து, ஏதாச்சும் வந்துட்டா கல்யாணம் நின்னு போயிடும்னு பயப்படுறா."

நின்றால் நிற்கட்டுமே என்றேன்.

மறுமுனையில் குழந்தையின் சத்தம் கேட்டது.

"நின்னா எதனாலன்னு கேப்பாங்க" என்றாள். "மறுபடியும் எங்கிட்டதான் வந்து நிக்கும். இப்பதான் அத்தை எனக்கு சோறு போட்டுக் குடுக்குறாங்க. அதுவுமில்லாம, அவ வந்தா பாப்பாவப் பாத்துக்க நம்ம ஆளு ஒண்ணு இருக்கும்."

அவளை மட்டும் என்னால் இகழ முடியவில்லை. இகழ ஆளுக்குப் பஞ்சம் இல்லாததால் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

மருந்துச் சீட்டை அண்ணி கண்ணாடிச் சட்டம் போட்டு, கூடத்தில் சாமி படங்களுக்குக் கீழே மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் படிக்கட்டும் என்று. சட்டம் ஏற்கெனவே வீட்டில் இருந்தது, போஸ்ட்கார்டு சைஸ் போட்டோவுக்கு வாங்கியது. சீட்டின் மேல்பாதி மட்டும் தெரிகிற மாதிரி மடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள்.

திருச்சிக்குப் போக வேண்டிய வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு மேல் பதினொன்றரை மணிக்குள், அண்ணன் வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டார்கள்.